கருந்துளையைச் சுற்றுவது எப்படி, விழுவது எப்போது

சூரியனுக்குள் விழுவது அத்தனை எளிதல்ல. பூமி சூரியனைச் சுற்றி விநாடிக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கிருந்து கிளம்பும் எந்த விண்கலத்தோடும் அந்த ஓட்டம் கூடவே வந்துவிடும். அதைக் குறைக்காமல் சூரியனை நெருங்க முடியாது. 2018 ஆகஸ்டில் நாசா அனுப்பிய பார்க்கர் விண்கலம், வெள்ளிக் கோளின் அருகே ஏழு முறை கடந்து சென்று, ஒவ்வொரு முறையும் தன் பக்கவாட்டு ஓட்டத்தில் கொஞ்சத்தை இழந்தது. ஆறு ஆண்டுகள் அப்படிப் பாடுபட்ட பிறகு, 2024 டிசம்பர் 24 அன்று சூரியப் பரப்பிலிருந்து 61 லட்சம் கிலோமீட்டர் தூரம் வரை போக முடிந்தது. விநாடிக்கு 190 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் அங்கே வளைந்து, மறுபடி வெளியே வந்துவிட்டது.

அதைத் திருப்பி அனுப்பியது கோண உந்தம். மையத்திலிருந்து உள்ள தூரத்தையும் பக்கவாட்டு வேகத்தையும் நிறையையும் பெருக்கினால் கிடைக்கும் அளவு இது. மையத்தை நோக்கி மட்டுமே இழுக்கும் விசையால் இதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. ஆகவே தூரம் பாதியானால் பக்கவாட்டு வேகம் இரு மடங்காகியே தீரும். நெருங்க நெருங்க அந்த வேகம் ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் உள்நோக்கிச் செல்ல ஆற்றலே மிச்சமிருக்காது. பொருள் திரும்பிவிடும். நியூட்டனின் ஈர்ப்பில் இதற்கு விதிவிலக்கே கிடையாது. துளியளவு கோண உந்தம் இருந்தாலும், புள்ளியாகச் சுருங்கிய ஒரு மையத்தை எந்தப் பொருளாலும் தொட முடியாது.

கருந்துளைக்கு அருகில் இந்தத் தடுப்பு உடைகிறது. ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாடான பொதுச் சார்பியலின் சுற்றுப்பாதைகளைப் பற்றிப் படிக்கும்போது தனித்தனி அதிசயங்களாகத் தெரிபவை எல்லாம், என் பார்வையில், இந்த ஒரே உடைப்பின் விளைவுகள்தான். கருந்துளை எல்லாவற்றையும் உறிஞ்சிவிடும் என்ற பரவலான நம்பிக்கை எங்கே பிசகுகிறது என்பதும் இதிலிருந்தே புரிந்துவிடும். அதனால் அந்த உடைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

மூன்றாவது பங்கு

நியூட்டன் கணக்கில் இரண்டே பங்குகள். முதலாவது ஈர்ப்பு ஆற்றல், பொருளை உள்ளே இழுப்பது. தூரம் பாதியானால் இது இரு மடங்காகும். இரண்டாவது பக்கவாட்டு ஓட்டத்தின் ஆற்றல், பொருளை வெளியே தள்ளுவது போல் வேலை செய்வது. தூரம் பாதியானால் இது நான்கு மடங்காகும். ஈர்ப்பு எவ்வளவு வலியதாக இருந்தாலும் சரி, போதிய அளவு நெருங்கினால் இரண்டாவது பங்கு முதலாவதை முந்திவிடும். இரண்டையும் கூட்டிப் படமாக வரைந்தால் ஒரு நிலப்பரப்பு கிடைக்கும்: வெளியே மெல்லச் சரியும் தரை, அப்புறம் ஒரு பள்ளத்தாக்கு, அதற்கும் உள்ளே முடிவே இல்லாமல் உயரும் செங்குத்துச் சுவர். பள்ளத்தாக்கின் அடியில் அசையாமல் நிற்கும் பந்துதான் வட்டப் பாதையில் சுற்றும் கோள். பள்ளத்தாக்குக்குள் முன்னும் பின்னும் உருளும் பந்து, நீள்வட்டத்தில் சுற்றும் கோள்.

ஐன்ஸ்டைனின் கணக்கில் மூன்றாவதாக ஒரு பங்கு சேர்கிறது. அதுவும் உள்ளே இழுப்பதுதான். ஆனால் தூரம் பாதியானால் எட்டு மடங்காகும். எங்கிருந்து வருகிறது இது? சார்பியலில் ஆற்றலுக்கும் எடை உண்டு. பொருளின் நிறையை மட்டுமல்லாமல், அது சுற்றி ஓடும் ஆற்றலையும் ஈர்ப்பு இழுக்கிறது. அதாவது எந்த ஆற்றலைக் கொண்டு கோண உந்தம் தடுப்பு கட்டுகிறதோ, அந்த ஆற்றலே ஈர்ப்புக்கு இரையாகிறது. வேகமாகச் சுற்றினால் தப்பிக்கலாம் என்ற கணக்கு, ஓர் அளவுக்கு மேல் எதிர்த்திசையில் வேலை செய்யத் தொடங்குகிறது.

இந்த மூன்றாவது பங்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். 1915ஆம் ஆண்டின் இறுதியில், ஐன்ஸ்டைன் தன் சமன்பாடுகளை முன்வைத்த சில வாரங்களுக்குள், முதல் உலகப் போரில் ஜெர்மன் ராணுவத்தில் இருந்தபடியே கார்ல் ஷ்வார்ஷில்ட் அவற்றுக்கு ஒரு துல்லியமான தீர்வைக் கண்டார். அடுத்த ஆண்டு மே மாதம் நோயுற்று இறந்துபோனார். அவர் பெயர் தாங்கிய ஆரம்தான் சுழலாத கருந்துளையின் நிகழ்வெல்லை, அதாவது உள்ளே போனது எதுவும், ஒளிகூட, திரும்ப முடியாத எல்லை, இருக்கும் இடம். நிறைக்கு நேர்விகிதத்தில் அது கூடும். சூரியனின் நிறைக்கு ஏறத்தாழ 3 கிலோமீட்டர், பூமியின் நிறைக்கு 9 மில்லிமீட்டர். இதை எல்லை ஆரம் என்றே இங்கே சொல்கிறேன். இரண்டாவது பங்கோடு ஒப்பிடும்போது மூன்றாவது பங்கின் அளவு, எல்லை ஆரத்தைத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான். ஆயிரம் எல்லை ஆரத் தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நிகழ்வெல்லையிலேயே இரண்டும் சமம். அங்கே சுழற்சி தரும் தடுப்பு முழுதாக அடிபட்டுப் போகிறது.

விசை, ஆற்றல் என்று பேசுவது கணக்குக்கு வசதி. ஐன்ஸ்டைனின் கோட்பாட்டில் ஈர்ப்பு ஒரு விசையே இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். நிறைக்கு அருகில் கடிகாரங்கள் மெதுவாக ஓடுகின்றன. சுதந்திரமாக நகரும் பொருள், அக்கம்பக்கத்துப் பாதைகள் எல்லாவற்றையும் விடத் தன் சொந்தக் கடிகாரத்தில் அதிக நேரம் கழியும் பாதையில் போகிறது. அந்தப் பாதைதான் நம் கண்ணுக்கு வளைந்த சுற்றுப்பாதையாகத் தெரிகிறது. வெளியின் வளைவை மட்டும் காட்டும் படங்களைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புதிதாக இருக்கலாம். பூமியைச் சூரியனோடு பிணைத்து வைத்திருப்பதில் பெரும்பங்கு காலத்தின் வளைவுக்குத்தான். வெளியின் வளைவு பெரிதாகத் தலையெடுப்பது, வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கும்போதுதான்.

மூடாத நீள்வட்டம்

நியூட்டனின் நீள்வட்டம் சுற்றி முடிந்ததும் கச்சிதமாகத் தொடங்கிய இடத்திலேயே வந்து சேரும். பள்ளத்தாக்கில் ஒரு முறை உள்ளே போய் வெளியே வர ஆகும் நேரமும், மையத்தை ஒரு முறை சுற்றிவர ஆகும் நேரமும் ஒன்றாக இருப்பதுதான் காரணம். இது எல்லா விசைக்கும் வாய்ப்பதில்லை. தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதமாகக் குறையும் விசை, தூரத்துக்கு நேர்விகிதமாகக் கூடும் விசை, இந்த இரண்டில் மட்டுமே பிணைந்த பாதைகள் அனைத்தும் இப்படி மூடும் என்று ஜோசப் பெர்த்ராங் 1873இல் நிறுவினார். மூன்றாவது பங்கு எவ்வளவு சிறிதாக இருந்தாலும் இந்தப் பொருத்தம் குலைந்துவிடும். பொருள் உள்ளே கொஞ்சம் கூடுதலாகச் சுற்றிவிட்டுத்தான் வெளியே வரும். நீள்வட்டமே மெதுவாகத் திரும்பத் தொடங்கும்.

புதன் கோளுக்கு இந்த மூன்றாவது பங்கு ஏறத்தாழ 2 கோடியில் ஒன்று. மற்ற கோள்களின் இழுப்பை எல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் புதனின் பாதை கொஞ்சம் அதிகமாகத் திரும்புகிறது என்று 1859இல் பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கண்டுபிடித்தார். சூரியனுக்கு அருகே இன்னொரு கோள் ஒளிந்திருக்கிறது என்று நினைத்து, அதற்கு வல்கன் என்று பெயரும் வைத்துப் பல பத்தாண்டுகள் தேடினார்கள். மிச்சம் நின்ற அளவு நூற்றாண்டுக்கு 43 ஆர்க் விநாடி. ஒரு பாகையை 3,600 ஆகப் பிரித்தால் ஒரு ஆர்க் விநாடி. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் கோட்பாட்டிலிருந்து கணக்கிட்டபோது வந்தது அதே 43. எந்த எண்ணையும் இழுத்துப் பிடித்துப் பொருத்தாமல் வந்த விடை அது.

நம் பால்வெளியின் நடுவில் இதே ஆட்டம் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே இருக்கும் சாஜிட்டேரியஸ் ஏ* கருந்துளையின் நிறை ஏறத்தாழ 43 லட்சம் சூரியன்கள். எல்லை ஆரம் 1.27 கோடி கிலோமீட்டர். எஸ்2 என்ற விண்மீன் அதை 16 ஆண்டுகளுக்கு ஒரு முறை சுற்றுகிறது. 2018 மே மாதம் அது மிக அருகில் வந்தபோது இருந்த தூரம், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல 120 மடங்கு. வேகம் விநாடிக்கு 7,600 கிலோமீட்டருக்கும் மேல். கேட்க மிக நெருக்கமாகத் தோன்றினாலும், எல்லை ஆரத்தில் அளந்தால் அது 1,400 மடங்கு தூரம். ஆகவே விழும் பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் பாதை ஏறத்தாழ 12 ஆர்க் நிமிடம், அதாவது ஒரு பாகையில் ஐந்தில் ஒரு பங்கு திரும்புகிறது என்பதை ஐரோப்பியத் தென்வான் ஆய்வகத்தின் கிராவிட்டி குழு 2020இல் அறிவித்தது. அந்தக் கருந்துளையின் இருப்பை இத்தகைய விண்மீன் பாதைகளை வைத்து நிலைநாட்டிய ராய்ன்ஹார்ட் கென்ஸெல், ஆண்ட்ரியா கெஸ் இருவரும் அதே ஆண்டு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

கடைசி வட்டம்

இனி இன்னும் உள்ளே போவோம். மூன்றாவது பங்கு எட்டு எட்டாகப் பெருகுவதால், உள்ளே இருந்த அந்தச் செங்குத்துச் சுவர் முடிவில்லாமல் உயர முடியாது. ஓர் உச்சியை எட்டி, மறுபுறம் கீழே சரிகிறது. சுவர் குன்றாகிவிட்டது. போதிய ஆற்றலோடு வரும் பொருள் அந்தக் குன்றை ஏறித் தாண்டி உள்ளே விழலாம். உச்சிக்கு மிகக் கொஞ்சம் குறைவான ஆற்றலோடு வந்தால் என்ன ஆகும்? உச்சிக்கு அருகே பந்து தயங்கி நிற்கும். நிற்கிறது என்றால் உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் அதே தூரத்தில் இருக்கிறது என்று பொருள். சுற்றுவது மட்டும் தொடரும். தொலைவிலிருந்து பாய்ந்து வந்து, கருந்துளையை ஒட்டி மூன்று, நான்கு முறை வட்டமடித்துவிட்டு, மறுபடி தொலைவுக்கே பாய்ந்து போகும் பாதைகள் இப்படித்தான் உண்டாகின்றன. புதனின் பாதை நூற்றாண்டுக்கு 43 ஆர்க் விநாடி திரும்புவதும், இந்தப் பாதைகள் ஒரே வருகையில் பல முழுச் சுற்றுகள் திரும்புவதும் ஒரே விளைவின் இரு முனைகள்.

கோண உந்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தால் குன்று தாழும், பள்ளத்தாக்கு உள்ளே நகரும். ஒரு கட்டத்தில் குன்றின் உச்சியும் பள்ளத்தாக்கின் அடியும் சேர்ந்து, இரண்டுமே மறைந்துவிடும். சுழலாத கருந்துளையில் அது நடக்கும் இடம் எல்லை ஆரத்தைப் போல 3 மடங்கு தூரம். நிலையான வட்டப் பாதைகளில் அதுவே கடைசி. அதற்கு உள்ளேயும் வட்டப் பாதைகள் உண்டு. ஆனால் அவை குன்றின் உச்சியில் நிற்கும் பந்துகள். சின்னத் தொந்தரவு போதும், ஒன்று உள்ளே விழும் அல்லது வெளியே ஓடும்.

அந்தக் கடைசி வட்டத்தில் இருப்பது எப்படி இருக்கும் என்பதற்குத் துல்லியமான எண்களே இருக்கின்றன. அதே இடத்தில் ராக்கெட் உந்துதலால் அசையாமல் நிற்கும் ஒருவர் அளந்தால், சுற்றும் பொருளின் வேகம் சரியாக ஒளியின் வேகத்தில் பாதி. தொலைவில் ஒரு மணி நேரம் கழிந்தால், சுற்றுபவரின் கடிகாரத்தில் 42 நிமிடம்தான் கழியும். ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் நிறையைப் பொறுத்தது. 10 சூரியன் நிறையுள்ள கருந்துளை என்றால் விநாடிக்கு 220 சுற்றுகள். சாஜிட்டேரியஸ் ஏ* சுழலாததாக இருந்தால் சுமார் 33 நிமிடத்துக்கு ஒரு சுற்று. எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் 650 கோடி சூரியன் நிறைக் கருந்துளையில், அதே கணக்கில், 34 நாள். இந்த எண்களைக் கணக்கிடப் பயன்படுவது, சுற்றும் நேரத்தின் வர்க்கம் தூரத்தின் கனத்துக்கு நேர்விகிதம் என்ற கெப்ளரின் பழைய மூன்றாம் விதியேதான். தூரத்தை வட்டத்தின் சுற்றளவிலிருந்து கணக்கிட்டு, நேரத்தைத் தொலைவில் உள்ள கடிகாரத்தில் அளந்தால், சுழலாத கருந்துளையைச் சுற்றும் வட்டப் பாதைகளுக்கு அந்த விதி ஒரு எழுத்தும் மாறாமல் பொருந்துகிறது. இவ்வளவு மாறிப்போன உலகில் கெப்ளர் அப்படியே நிற்பது எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

உறிஞ்சும் கதைக்கு வருவோம். தொலைவிலிருந்து மெதுவாக வரும் ஒரு பொருள் கருந்துளையில் விழ வேண்டுமென்றால், அதன் கோண உந்தம் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இருக்க வேண்டும். விநாடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், 10 சூரியன் நிறையுள்ள கருந்துளையை நோக்கி ஒரு கல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் நேர்கோட்டுப் பாதை மையத்திலிருந்து சுமார் 1,80,000 கிலோமீட்டருக்குள் குறி வைத்திருந்தால் மட்டுமே அது உள்ளே விழும். நிலவின் தூரத்தில் பாதிகூட இல்லை. அதே வேகத்தில் அதே கல் சூரியனை நோக்கி வந்தால், 44 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் குறி வைத்திருந்தால்கூட வளைந்து வந்து சூரியப் பரப்பில் மோதிவிடும். நிறையில் பத்தில் ஒரு பங்கே உள்ள சூரியன், அந்தக் கருந்துளையை விட ஏறத்தாழ 25 மடங்கு அகலமான பொறி. கருந்துளை சிறியது, அதில் விழக் குறி தப்பாமல் வர வேண்டும்.

அப்படியானால் கருந்துளைகள் எப்படிச் சாப்பிட்டு வளர்கின்றன? அவற்றைச் சுற்றும் வாயு தன் கோண உந்தத்தை வேறு யாரிடமாவது கொடுத்தாக வேண்டும். உள்ளே வேகமாகச் சுற்றும் வாயுவையும் வெளியே மெதுவாகச் சுற்றும் வாயுவையும் காந்தப்புலக் கோடுகள் பிணைக்கின்றன. உள்ளே உள்ளது வெளியே உள்ளதை இழுத்துக்கொண்டு ஓடப் பார்க்கும். அதில் அதன் கோண உந்தம் வெளியே போய்ச் சேரும். இந்த நிலையின்மையின் கணிதத்தை வெலிகோவ் 1959இலும் சந்திரசேகர் 1960இலும் கண்டிருந்தார்கள். கருந்துளையைச் சுற்றித் தட்டையாகச் சுழலும் வாயு வட்டுகளுக்கு இதுவே முக்கியம் என்று 1991இல் காட்டியவர்கள் பால்பஸ், ஹாலி. இப்படி வட்டம் வட்டமாக இறங்கும் வாயு, இறங்கும் ஒவ்வொரு அடியிலும் சூடேறி ஒளிர்கிறது. ஒரு கிலோ ஹைட்ரஜன் சூரியனுக்குள் ஹீலியமாகும்போது 7 கிராம் நிறை ஆற்றலாகிறது. ஒரு கிலோ வாயு சுழலாத கருந்துளையின் கடைசி வட்டம் வரை இறங்கினால் 57 கிராம். வாயுவை விழுங்கும் பெருங்கருந்துளைகளால் ஒளிரும் குவேசார்கள் தம் விண்மீன் மண்டலம் முழுவதையும் மங்கச் செய்யும் அளவுக்கு ஒளிர முடிவது இதனால்தான். அந்த ஒளி முழுவதும் வாயு விழுவதற்கு முன்பு, சுற்றிக்கொண்டிருக்கும்போது வருவது.

கடைசி வட்டம் ஏட்டில் மட்டும் இருப்பதல்ல. வட்டில் உள்ள இரும்பு அணுக்கள் 6.4 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் எக்ஸ் கதிர்களை வெளியிடுகின்றன. கருந்துளைக்கு அருகிலிருந்து ஏறி வரும் கதிர்கள் ஆற்றலை இழப்பதால், கூர்மையாக இருக்க வேண்டிய அந்தக் கோடு, குறைந்த ஆற்றல் பக்கம் நீண்ட வாலோடு அகன்று போகிறது. எம்சிஜி-6-30-15 என்ற விண்மீன் மண்டலத்தில் ஜப்பானின் ஆஸ்கா செயற்கைக்கோள் அந்த வாலை முதலில் தெளிவாகக் காட்டியது. முடிவுகள் 1995இல் வெளியாயின. வால் எவ்வளவு நீளம் என்பது வட்டு எவ்வளவு உள்ளே வரை போகிறது என்பதைச் சொல்லிவிடும். 2018இல் கிராவிட்டி குழு, சாஜிட்டேரியஸ் ஏ*வைச் சுற்றிச் சூடான வாயுத் திட்டுகள் ஒளியின் வேகத்தில் 30 விழுக்காடு அளவில், ஏறத்தாழ 45 நிமிடத்துக்கு ஒரு சுற்றாக ஓடுவதைக் கண்டது. கடைசி வட்டத்துக்குச் சற்று வெளியே அந்த ஓட்டம் நடந்தது.

ஒளியின் வட்டம்

வட்டப் பாதையில் சுற்றத் தேவைப்படும் வேகம் உள்ளே போகப் போக ஏறுகிறது. எல்லை ஆரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்தில் அது ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடும். அங்கே வட்டமாகச் சுற்ற ஒளியால் மட்டுமே முடியும். அதுவும் குன்றின் உச்சியில் நிற்கும் நிலைதான். மயிரிழை பிசகினாலும் ஒளிக்கதிர் வெளியேறும் அல்லது விழும்.

ஆனாலும் சில சுற்றுகள் அங்கே தங்கிவிட்டு வரும் கதிர்கள் நம்மை அடையும்போது, ஒரு வளையமாகத் தெரிய வேண்டும். பாதை வளைந்து வருவதால் அந்த வளையத்தின் ஆரம் ஒன்றரை மடங்காகத் தெரியாமல் 2.6 மடங்காகத் தெரியும். கூடுதலாக அரைச் சுற்று போட்டு வரும் ஒவ்வொரு பிம்பமும் முந்தையதை விட ஏறத்தாழ 23 மடங்கு மெல்லியது. வளையத்துக்குள் வளையமாக அவை அடுக்கி நிற்கும். எம்87 கருந்துளையின் நிறையையும் 5.5 கோடி ஒளியாண்டுத் தூரத்தையும் வைத்துக் கணக்கிட்டால், வளையத்துக்குள் இருண்டு தெரியும் நிழலின் விட்டம் 40 மைக்ரோ ஆர்க் விநாடி அளவில் இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 10 அன்று ஈவென்ட் ஹொரைசன் தொலைநோக்கிக் கூட்டமைப்பு வெளியிட்ட படத்தில் பிரகாச வளையத்தின் விட்டம் 42. மெல்லிய உள்வளையங்களைப் பிரித்துப் பார்க்கும் கூர்மை இன்றைய தொலைநோக்கிகளுக்கு இல்லை.

ஒளி வட்டத்துக்கும் உள்ளே போனால், சுற்றும் பொருளை வெளியே தள்ளும் மையவிலக்கு விசையின் திசையே மாறிவிடுகிறது. விழாமல் இருக்க ராக்கெட்டை வெளிப்புறமாக உந்திக்கொண்டு நிற்கும் ஒருவர், பக்கவாட்டில் வேகமாகச் சுற்றினால் உந்துதலைக் குறைத்துக்கொள்ளலாம் என்று எண்ணுவார். ஒளி வட்டத்துக்கு வெளியே அது சரி. சரியாக ஒளி வட்டத்தில், எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் தேவைப்படும் உந்துதல் மாறாது. அதற்கு உள்ளே, வேகமாகச் சுற்றினால் இன்னும் பலமாக உந்த வேண்டும். அப்ரமோவிச், பிரசன்னா இருவரும் 1990இல் இதை விளக்கி எழுதினார்கள். பார்க்கர் விண்கலத்தைச் சூரியனிடமிருந்து திருப்பி அனுப்பிய அதே சுழற்சி, இங்கே உள்ளே தள்ளும் பக்கம் சேர்ந்துவிடுகிறது.

கருந்துளையே சுழன்றால்

இதுவரை சொன்னது சுழலாத கருந்துளை. இயற்கையில் உள்ளவை அநேகமாக எல்லாமே சுழல்கின்றன. அவற்றுக்கான தீர்வை நியூசிலாந்துக்காரரான ராய் கெர் 1963இல் கண்டுபிடித்தார். சுழலும் நிறை தன்னைச் சுற்றியுள்ள காலவெளியையும் கூடவே இழுத்துச் செல்கிறது. பூமியும் இதைச் செய்கிறது. 2004இல் ஏவப்பட்ட கிராவிட்டி ப்ரோப் பி செயற்கைக்கோளின் சுழலிகள் (கைரோஸ்கோப்புகள்) ஆண்டுக்கு 39 மில்லி ஆர்க் விநாடி இழுபடும் என்பது கணிப்பு, பிழை வரம்புக்குள் அளந்தது 37. கருந்துளைக்கு மிக அருகே இந்த இழுப்பு அசுர பலம் பெறுகிறது. எர்கோஸ்பியர் என்ற பகுதிக்குள் எவ்வளவு பெரிய ராக்கெட்டாலும் அசையாமல் நிற்க முடியாது. கருந்துளை சுழலும் திசையில் சுற்றியே ஆக வேண்டும்.

கடைசி வட்டமும் இதனால் இடம் மாறுகிறது. அதே நிறையுள்ள சுழலாத கருந்துளையின் எல்லை ஆரத்தையே அளவுகோலாக வைத்துக்கொள்வோம். கருந்துளையின் திசையிலேயே சுற்றினால் 3 மடங்கிலிருந்து, உச்சபட்சச் சுழற்சியில், அரை மடங்கு வரை உள்ளே வரலாம். எதிர்த்திசையில் சுற்றினால் கடைசி வட்டம் 4.5 மடங்குக்கு வெளியே தள்ளப்படும். உள்ளே வர வர வெளிவரும் ஆற்றலும் கூடும்: கோட்பாட்டளவில் ஒரு கிலோவுக்கு 420 கிராம் வரை. நிஜத்தில் வட்டின் கதிர்வீச்சே சுழற்சி உச்சத்தைத் தொடவிடாது என்று கிப் தோர்ன் 1974இல் காட்டினார். அந்த வரம்பில் அது 300 கிராம் அளவில் நிற்கும். அதுவே அணுக்கரு இணைவைப் போல 40 மடங்குக்கு மேல். இரும்புக் கோட்டின் வாலை அளந்து வானியலாளர்கள் கருந்துளையின் சுழற்சியைச் சொல்வது இந்த இடமாற்றத்தை வைத்துத்தான்.

சுழல் அச்சுக்குச் சாய்வாகச் சுற்றும் பொருளின் பாதை ஒரு தளத்தில்கூட அடங்காது. நீள்வட்டம் தன் தளத்துக்குள் திரும்புவதோடு, தளமே அச்சைச் சுற்றித் திரும்பும். பார்த்தால் வெறும் நூல்கண்டாகத் தெரியும் பாதை அது. இருந்தும் அதில் ஒழுங்கு இருக்கிறது. ஆற்றல், அச்சு வழிக் கோண உந்தம், நிறை ஆகிய மூன்றுக்கும் அப்பால் மாறாத நான்காவது அளவு ஒன்று இருப்பதை பிராண்டன் கார்ட்டர் 1968இல் கண்டுபிடித்தார். வெளியில் தெரியும் எந்தச் சமச்சீரும் அதைச் சுட்டிக் காட்டவில்லை. அந்த நான்கும் இருப்பதால், சுழலும் கருந்துளையைச் சுற்றும் சிறு பொருளின் பாதை குழப்பத்தில் முடியாமல், கணக்கிட்டுச் சொல்லக் கூடியதாக இருக்கிறது.

சுருங்கும் பாதை

பொதுச் சார்பியலில் எந்தச் சுற்றுப்பாதையும் நிரந்தரமல்ல. சுற்றும் பொருள், காலவெளியில் பரவும் அதிர்வுகளான ஈர்ப்பு அலைகளை வெளியிட்டு ஆற்றலையும் கோண உந்தத்தையும் இழக்கிறது. பூமியைப் பொறுத்தவரை இது அறவே புறக்கணிக்கத்தக்கது. 1974இல் ஹல்ஸும் டெய்லரும் கண்டுபிடித்த இரட்டை நியூட்ரான் விண்மீன்களில் இதை அளக்க முடிந்தது. 7.75 மணி நேரத்துக்கு ஒரு சுற்று போடும் அந்த இணையின் பாதை ஆண்டுக்கு 4.2 பாகை திரும்புகிறது. சுற்றும் நேரம் கணிப்புப்படியே குறைந்துகொண்டு வருகிறது.

2015 செப்டம்பர் 14 அன்று, ஈர்ப்பு அலைகளை அளக்கும் லைகோ கருவிகள் பிடித்தது அத்தகைய ஒரு கதையின் கடைசி 0.2 விநாடி. 36, 29 சூரியன் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றின. எட்டு அலைகள், அதாவது நான்கே சுற்றுகளுக்குள் அலையின் அதிர்வெண் 35 ஹெர்ட்ஸிலிருந்து 150 ஹெர்ட்ஸுக்கு ஏறியது. மூன்று சூரியன் நிறை அலைகளாகப் போனது; 62 சூரியன் நிறையுள்ள ஒரே கருந்துளை மிஞ்சியது. பள்ளத்தாக்கு முடிந்து, தடுப்பு இல்லாத சரிவு தொடங்கியதும் பொருள்கள் எப்படி விழுகின்றன என்பதன் நேரடிப் பதிவு அது. இணைந்த பின் புதிய கருந்துளை சிறிது நேரம் அதிர்ந்து அடங்கும். அந்த அதிர்வை 1970இலேயே கணக்கிட்டுக் காட்டியவர் சி. வி. விஸ்வேஷ்வரா. அதன் அதிர்வெண் ஒளி வட்டத்தில் ஒளி சுற்றும் வேகத்தோடும், அது அடங்கும் விதம் அந்த வட்டத்தின் நிலையின்மையோடும் பிணைந்திருக்கின்றன.

அடுத்த கட்டம், விண்வெளியில் ஈர்ப்பு அலைகளை அளக்கப் போகும் லைசா. 25 லட்சம் கிலோமீட்டர் இடைவெளியில் மூன்று விண்கலங்கள் கொண்ட இந்தத் திட்டத்தை ஐரோப்பிய விண்வெளி முகமை 2024 ஜனவரியில் முறைப்படி ஏற்றுக்கொண்டது. 2030களின் நடுவில் ஏவ இருக்கிறார்கள். அது தேடப் போகும் முக்கியமான காட்சிகளில் ஒன்று, பல லட்சம் சூரியன் நிறையுள்ள கருந்துளையைச் சில சூரியன் நிறையுள்ள சிறு கருந்துளை ஒன்று சுற்றிச் சுற்றி இறங்குவது. விழுவதற்கு முந்தைய காலத்தில் அது கடைசி வட்டத்துக்கு அருகிலேயே பல்லாயிரம் சுற்றுகள் போடும். திரும்பும் நீள்வட்டம், சாயும் தளம், உள்ளே போய்ப் பலமுறை சுற்றி வெளியே வரும் பாய்ச்சல், எல்லாம் அந்த அலையில் பதிவாகும். கெர் கண்ட தீர்வின்படி, மின்னூட்டமற்ற கருந்துளைக்கு நிறை, சுழற்சி என்று இரண்டே எண்கள்தான். அந்த இரண்டையும் வைத்து பல்லாயிரம் சுற்றுகளையும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். நடுவில் இருப்பது கெர் கருந்துளையாக இல்லாவிட்டால், சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும் சிறு பிசகு, கணக்கிட்ட அலையிலிருந்து பதிவான அலையை விலக்கிக் காட்டிவிடும்.